சிறுகோள்: சொல் விளக்கம்

ஆஸ்டிராய்டைத் தமிழில் சிறுகோள் என்கிறோம். கோளாகும் அளவுக்குத் திரளாமல் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் பாறை அல்லது உலோகத் துண்டு அது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இவை மிகுந்திருக்கும் பகுதி முதன்மைச் சிறுகோள் பட்டை.

1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் வானியலாளர் பியாட்சி, இவற்றில் முதலாவதான சீரிஸைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டு ஓல்பர்ஸ் என்ற வானியலாளர் இரண்டாவதான பல்லாஸைக் கண்டார். கோள்கள் தொலைநோக்கியில் சிறு வட்டாகத் தெரியும். இவையோ விண்மீன்களைப் போல வெறும் புள்ளிகள். அதனால் 1802இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், 'விண்மீன் போன்றது' என்ற பொருளில் ஆஸ்டிராய்ட் என்ற கிரேக்க வழிப் பெயரை முன்வைத்தார். அன்றைய கருவிக்குத் தெரிந்த தோற்றம்தான் பெயரானது. விண்மீனோடு இவற்றுக்கு எந்த உறவும் இல்லை.

தமிழ்ச் சொல் நேராக விஷயத்துக்கு வருகிறது. 'கொள்' என்ற வினையடியில் பிறந்தது கோள். சம்பந்தரின் கோளறு பதிகத்தில் ஞாயிறும் திங்களும்கூடக் கோள்களே. இன்று அந்தப் பொருள் சுருங்கி, பொதுவாகச் சூரியனைச் சுற்றுவதையே குறிக்கிறது. அதில் சிறியது சிறுகோள். என் கணிப்பில் மூலச் சொல்லைவிட இதுவே பொருத்தமானது.

நம் ஊர் வானில் கண்டதையே எடுத்துக்கொள்வோம். 1861 ஏப்ரல் 17 அன்று நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அப்போது ஒளிப்படத் தேடல் கிடையாது. விண்மீன் வரைபடத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்து, படத்தில் இல்லாத புள்ளியைக் குறித்து வைக்க வேண்டும்; அடுத்தடுத்த இரவுகளில் அது நகர்ந்தால் சிறுகோள். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு '67 ஆசியா' என்றே பெயர். கிரேக்கத் தொன்மத்திலும் ஆசியா என்றொரு தெய்வப் பெண் உண்டு. குறுக்களவு சுமார் 58 கிலோமீட்டர். சிலிகேட் மிகுந்த கல் வகை. தன்னைத்தானே சுற்ற ஏறத்தாழ 16 மணி நேரம், சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 3.8 ஆண்டு. 1866இல் போக்சன் இங்கிருந்தே கண்ட சில்வியா என்ற சிறுகோளுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது பின்னால் தெரியவந்தது.

அப்புறம், செய்திகளில் சிறுகோளை விண்கல் என்று எழுதிவிடுகிறார்கள். விண்வெளியிலிருந்து வந்து தரையில் விழுந்து கிடப்பதுதான் விண்கல். குறுங்கோள் என்பதும் வேறு. உருண்டையாகத் திரண்டும் கோள் என்ற தகுதி பெறாதது அது: 2006 முதல் சீரிஸ் அந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆசியாவும் சில்வியாவும் சிறுகோள்களே.