தும்மலுக்குப் போடும் மஞ்சள் குளிசை: தெரிந்திருக்க வேண்டியவை

மாசி, பங்குனி மாதங்களில் வன்னியில் காலபோக அறுவடை நடக்கும்போது, வயலில் எழும் நெற்தூசியும் கிரவல் வீதிகளில் உழவு இயந்திரங்கள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து, மூக்கால் ஓடுகிறது, கண் கடிக்கிறது, தும்மல் நிற்கவில்லை என்று வருவோரின் தொகையைக் கூட்டிவிடும். கிளிநொச்சிப் பக்கத்தில் மருந்தாளராக வேலை செய்யும் எனக்கு அப்போது அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இதுதான்: "தம்பி, அந்தச் சின்ன மஞ்சள் குளிசையிலை கொஞ்சம் கூடப் போட்டு விடுங்கோ, வீட்டிலை எல்லாருக்கும் தும்மல்." பிரிட்டோன் என்ற பெயரில் பலரும் அறிந்த குளோர்பெனிரமின் குளிசையைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அது நல்ல மருந்துதான். ஆனால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொதுவான மருந்து அல்ல.

ஒவ்வாமை ஏற்படும்போது உடலின் சில கலங்களிலிருந்து ஹிஸ்டமின் என்ற பொருள் வெளிப்படுகிறது. அரிப்பு, தடிப்பு, தும்மல், மூக்கால் நீர் வடிதல் ஆகியவற்றின் பெரும்பகுதி அதன் வேலை. ஹிஸ்டமினைத் தடுக்கும் முதலாவது சேர்வையை 1937இல் பரிஸ் நகரில் தானியல் போவேயும் ஆன்-மரி ஸ்டோப்பும் கண்டறிந்தனர். போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் பிறந்த பழைய தலைமுறை மருந்துகளான குளோர்பெனிரமின், புரோமெதசின், டைபென்ஹைட்ரமின் ஆகியன மூக்கோடு நின்றுவிடுவதில்லை. அவை மூளைக்குள்ளும் எளிதாகப் புகுகின்றன. மூளையில் விழிப்பைக் காக்கும் பொருள்களுள் ஹிஸ்டமினும் ஒன்று என்பதால், அங்கே அதைத் தடுத்தால் நித்திரை வருகிறது.

இந்த மயக்கம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பெரியவர்களுக்கு 4 மில்லிகிராம் குளிசையை 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளொன்றுக்கு 24 மில்லிகிராமுக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்றாலும், உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 20 மணித்தியாலங்கள் வரை செல்லக்கூடும். ஆகவே இரவு போட்ட குளிசையின் ஒரு பங்கு மறுநாள் காலை, ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடும்போதும் உடலில் இருக்கிறது. நித்திரை தூங்குவதாக ஓட்டுபவருக்குத் தோன்றாதிருக்கலாம். குறுக்கே மாடு வந்தால் பிரேக் பிடிக்கும் கை மட்டும் சற்றுப் பிந்தும். உழவு இயந்திரம் ஓட்டுபவர்களிடமும், யானைக்காக இரவில் வயற்கொட்டிலில் காவல் இருப்பவர்களிடமும் நான் தொழிலைக் கேட்காமல் இந்தக் குளிசையைக் கொடுப்பதில்லை. சாராயமோ கள்ளோ குடிப்பவர்களுக்கும், நித்திரைக் குளிசையோ மனநல மருந்தோ எடுப்பவர்களுக்கும் மயக்கம் இன்னும் கூடும்.

பகலில் வேலை உள்ளவர்களுக்கு லொராடடின், பெக்சோபெனடின் போன்ற புதிய தலைமுறை மருந்துகள் பொருத்தமானவை. செட்ரிசினும் புதியதே, ஆனால் அதைப் போட்டாலும் சிலருக்குத் தூக்கம் வரும். மூக்கடைப்பு மாதக்கணக்கில் தொடர்ந்தால் எந்தக் குளிசையையும் விட வைத்தியர் எழுதித் தரும் ஸ்டீரொயிட் மூக்குத் தெளிப்பு நன்றாக வேலை செய்யும். அதை நாள்தோறும் அடிக்க வேண்டும் என்பதால் நம்மவர்கள் இரண்டாம் கிழமையே கைவிட்டுவிடுகிறார்கள்.

முதியவர்கள் விடயத்தில் எனக்குக் கவலை அதிகம். பழைய தலைமுறை மருந்துகள் அசெற்றைல்கோலின் என்ற இன்னொரு பொருளையும் தடுப்பதால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், கண் மங்கும். புரொஸ்டேட் சுரப்பி வீங்கியுள்ள ஐயாமாருக்குச் சலம் (சிறுநீர்) முற்றாக அடைபட்டுவிடலாம். அவ்வாறு வயிற்றைப் பிடித்தபடி வரும் ஒருவருக்குக் குழாய் போட்டுச் சலத்தை எடுத்த பிறகு, முதல்நாள் என்ன குளிசை போட்டீர்கள் என்று கேட்டால், "தடிமனுக்கு ஒண்டுதான் போட்டனான்" என்பார். அந்தத் தடிமன் குளிசையில் பரசிற்றமோலோடு குளோர்பெனிரமினும் கலந்திருப்பது உறையில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மஞ்சள் குளிசையையும் தனியாகப் போட்டால் அளவு இரட்டிக்கிறது. கண் அழுத்த நோய் உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மறதி உள்ள முதியவர் இந்தக் குளிசையால் இரவில் தடுமாறிப் பிதற்றுவதும் விழுவதும் உண்டு.

குழந்தைகளை நித்திரையாக்குவதற்காக இந்தப் பழைய தலைமுறை மருந்துகளின் பாணியைப் பருக்குவது எக்காரணம் கொண்டும் கூடாது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் புரோமெதசின் கொடுத்தால் மூச்சே தடைப்படலாம். சில பிள்ளைகள் இந்த மருந்துகளால் தூங்குவதற்குப் பதிலாக அமைதியிழந்து துள்ளுவார்கள். பாணியைத் தேநீர்க் கரண்டியால் அல்ல, போத்தலோடு தரும் அளவியால் அளக்க வேண்டும்.

இந்த மருந்து உண்மையில் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. தோலில் தட்டுத்தட்டாகத் தடித்துச் சொறியும்போது நன்றாகக் கேட்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஐஸ் போதாமல் வெயிலில் வந்த சூரை மீனைச் சாப்பிட்டு, சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடல் கடிக்கத் தொடங்குபவர்களுக்கும் இது உதவும். அங்கே பெரும்பாலும் நிகழ்வது மீன் ஒவ்வாமையே அல்ல. பழுதாகத் தொடங்கிய மீனில் கிருமிகள் உண்டாக்கிய ஹிஸ்டமின் நேரடியாக உடலில் சேர்கிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. எனவே வாழ்நாள் முழுவதும் மீனை விலக்கத் தேவையில்லை, ஐஸில் வைத்த மீனை வாங்கினால் போதும்.

ஆனால் குளவி கொட்டியோ, ஊசி மருந்து ஏற்றியோ, இறால் சாப்பிட்டோ மூச்சுத் திணறல், குரல் அடைப்பு, நாக்கு வீக்கம், தலைச்சுற்றி விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இந்தக் குளிசையை நம்பக் கூடாது. அது அரிப்பைத் தணிக்கும். விழுகின்ற இரத்த அழுத்தத்தை நிமிர்த்தாது, அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது. அதைச் செய்வது தொடையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசி. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது வரும் ஒவ்வாமையிலும் இதே வேறுபாடு தெரிந்தது. இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே கொடுத்த குறைந்த அளவு அட்ரினலின் கடுமையான எதிர்விளைவுகளைக் குறைத்தது, புரோமெதசின் குறைக்கவில்லை.

அப்படியான நிலையில் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை அவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் உட்கார்ந்திருக்க விடுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசி போட்டுச் சுகமான பின்னரும், "இனிப் பயமில்லை" என்று, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டச் சொல்லி அவசரப்பட வேண்டாம். சில மணித்தியாலங்கள் கழித்து அதே எதிர்விளைவு திரும்பி வரக்கூடும் என்பதால்தான் அன்றிரவு வாட்டில் வைத்திருக்கிறார்கள்.