சரித்திர வேடத்துக்கு வீட்டில் தைப்பவர்கள் துணி வாங்கும் முன்

பள்ளி ஆண்டு விழாவும் மாறுவேடப் போட்டியும் நெருங்கும் நாள்களில், தண்டையார்பேட்டையில் உள்ள என் தையல் கடைக்கு, வீட்டில் தைக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கட்டபொம்மன்களும் வேலு நாச்சியார்களும் வரிசையாக வந்து சேர்வார்கள். பெரும்பாலும் தையலில் குறை இருப்பதில்லை. துணி வாங்கும்போதே வேலை கெட்டிருக்கும். பாலியஸ்டர் வெல்வெட், அதற்குள் சாட்டின் லைனிங், விறைப்புக்கு ஒட்டு கேன்வாஸ், மேலே சமிக்கி என்று நான்கு அடுக்கு ஏற்றிய கோட்டைச் சென்னையின் புழுக்கத்தில் ஒரு குழந்தை மாட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தால், வியர்வை வெளியேற வழியில்லாமல் வியர்க்குரு கிளம்பும். சில பிள்ளைகளுக்கு மயக்கமே வரும்.

வெல்வெட் கோட்டுதான் ராஜ உடை என்ற எண்ணம் மேடையும் திரையும் நமக்குப் பழக்கியது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் உள்ள சோழர் கால ஓவியங்களைப் பாருங்கள். மதுரை புதுமண்டபத்தில் உள்ள திருமலை நாயக்கர் சிலையைப் பாருங்கள். இடையில் துணியும் உடம்பில் நகையுமாக, மேல்சட்டை இல்லாமல்தான் பெரும்பாலும் நிற்கிறார்கள். ராஜராஜன் வேடத்துக்கு மெல்லிய மல் வேட்டியும் ஜரிகைத் துண்டும் போதும். மார்பை மூடியாக வேண்டும் என்று பள்ளியில் சொன்னால், கையில்லாத பருத்திச் சட்டை ஒன்றை உள்ளே போட்டுவிடலாம்.

18-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் தைத்த அங்கிகள் உண்டு. தஞ்சை மராட்டியர் அவையிலும் ஆற்காட்டு நவாப் அவையிலும் அணிந்த நீள அங்கி மெல்லிய பருத்தியில் தைத்து, பக்கவாட்டில் நாடாவால் முடியப்பட்டது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799-இல் தையல் இயந்திரம் புழக்கத்துக்கு வரவில்லை. சிங்கர் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதே 1851-இல்தான். ஜிப், வெல்க்ரோ பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, பழைய முறைக்கு நெருங்கித் தைப்பதே குழந்தையின் உடம்புக்கும் நல்லது என்பது என் கருத்து. ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக்காற்றில் இரும்பு ஹூக் துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கிவிடும். நாடாவுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

அந்த அங்கிகளில் நான் மிகவும் மதிப்பது கக்கத்தில் வைக்கும் சதுரத் துண்டை. வாளை ஓங்கியதும் கோட்டு முழுவதும் மேலேறிக் கைக்குழி கிழிகிறது என்பதுதான் என்னிடம் வரும் முதல் புகார். பலர் கைக்குழியை ஆழமாக வெட்டிப் பார்க்கிறார்கள். அப்படி வெட்டினால் கை இன்னும் கட்டுப்பட்டுவிடும். அதற்குப் பதிலாக, தையலுக்கு விடுவது போக மூன்று அங்குலம் வருகிற சதுரத்தை வெட்டி, ஒரு மூலை கையின் அடித்தையலிலும் எதிர்மூலை உடம்பின் பக்கத் தையலிலும் சேரும்படி வைத்துத் தையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பினால் சுருக்கம் விழாது. இதை முதலில் வெளுக்காத முரட்டுப் பருத்தியான காடா துணியில் தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு நல்ல துணியில் கத்தரி வைக்கலாம். 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலடிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பருத்தியை ‘ரிச்சாக இல்லை’ என்று நாம் ஒதுக்குவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பருத்தியை வெட்டும் முன் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத் தேய்த்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே கை அரை அங்குலம் ஏறிவிடும். சிவப்பு, நீலத் துணிகளின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். கடைக்காரர் பட்டு என்று கொடுத்த துணியில் நாலு நூலை உருவி, தண்ணீர்த் தட்டுக்கு மேல் இடுக்கியில் பிடித்துப் பெரியவர்கள் கொளுத்திப் பாருங்கள். அசல் பட்டு முடி கருகிய வாசனையோடு எரிந்து, விரலில் நொறுங்கும் சாம்பலாகும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். அந்த உருகல் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு காயத்தை ஆழமாக்கும். பருத்தியும் எரியக்கூடியதே என்பதால், எந்தத் துணியானாலும் குத்துவிளக்குக்கும் தீவட்டிக்கும் அருகில் வேடமிட்ட பிள்ளையை நிறுத்தாதீர்கள். வள்ளுவருக்கும் ஔவையாருக்கும் பஞ்சை ஒட்டித் தாடியும் நரையும் செய்வதை அடியோடு விட்டுவிடுங்கள். பிரித்த பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும், அதுவும் முகத்தில்.

முதுகில் தொங்கும் சால்வையைக் கயிற்றால் கழுத்தில் முடியக் கூடாது. இரண்டு தோளிலும் பிரஸ் பட்டன் வைத்தால், யாராவது மிதித்தாலும் பட்டன் விட்டுவிடும், கழுத்து இறுகாது. வளரும் பிள்ளை என்பதால் பக்கத் தையலில் ஓர் அங்குலமும் அடிமடிப்பில் இரண்டு அங்குலமும் உள்ளே விட்டுத் தையுங்கள், அடுத்த ஆண்டு தம்பிக்கோ தங்கைக்கோ கூடப் பிரித்துப் போடலாம்.