துணி சொட்டச் சொட்ட வெளிய வருதா? மெஷின் ஏன் ஸ்பின் பண்ண மாட்டேங்குதுன்னு பாப்போம்

வாஷிங் மெஷின் வேலை முடிஞ்சிடுச்சுன்னு பீப் அடிக்குது, கதவத் திறந்தா துணி சொட்டச் சொட்ட கிடக்கு. உடனே மோட்டார் போச்சு, போர்டு போச்சுன்னு மனசு பதறும். ஆனா நிறைய நேரம் எதுவும் கெட்டிருக்காது, சுத்தினா ஆபத்துன்னு தெரிஞ்சு மெஷினே ஸ்பின்ன நிறுத்தியிருக்கும்.

ஏன் ஆபத்துன்னா, ட்ரம்மோட ஆரம் 24 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, நிமிஷத்துக்கு 1200 சுத்து சுத்தினா ஓரத்துல இருக்கற துணி மேல புவியீர்ப்ப மாதிரி கிட்டத்தட்ட 385 மடங்கு விசை. ட்ரம் சுவர் துணிய உள்பக்கமா தள்ளி வட்டத்துலயே வச்சிருக்கும், தண்ணிக்கு ஓட்டை இருக்கறதால அது வளையாம நேரா வெளிய போயிடும், பிழியறதுங்கறது இவ்வளவுதான். அதே கணக்குல ஒரு கிலோ ஈரத்துண்டு ஒரே பக்கமா ஒட்டிக்கிச்சுன்னா ட்ரம்ம அந்தப் பக்கம் 385 கிலோ எடை இழுக்கற மாதிரி இருக்கும், அதுவும் செகண்டுக்கு 20 தடவ சுத்திச் சுத்தி இழுக்கும்.

அதனால ஃப்ரண்ட் லோட் மெஷின் நேரா 1200க்கு போகாது. இந்த அளவு ட்ரம்ல நிமிஷத்துக்கு 60 சுத்து தாண்டினாலே துணி விழாம சுவரோட ஒட்டிக்கும், அதுக்குக் கொஞ்சம் மேல வேகத்த நிறுத்தி வச்சு மெஷின் கவனிக்கும். கனமான பக்கம் மேல ஏறும்போது மோட்டார் திணறும், இறங்கும்போது வேகம் கூடும், இந்த ஏத்த இறக்கம் அதிகமா இருந்தா நிறுத்தி, மெதுவா உருட்டி, துணியக் கலைச்சு விட்டு மறுபடி முயற்சி பண்ணும். நேரம் காட்டற இடத்துல நம்பர் குறையாம நிக்கறதுக்கு பல தடவ இதுதான் காரணம்.

எங்க வீட்ல ஒரு தடவ மெத்தை உறை ஜிப்பு போடாம உள்ள போயிடுச்சு, அது தலகாணி உறை, சாக்ஸ், சட்டை எல்லாத்தையும் விழுங்கி கல்லு மாதிரி ஒரே உருண்டையா கெடந்தது, பிரிச்சு உதறிப் போட்டதும் அடுத்த ஸ்பின் ஒழுங்கா ஓடுச்சு. ஒரே ஒரு ஜீன்ஸ் போட்டாலும் இதே பிரச்சனைதான், எதிர்ப்பக்கம் ஈடு கொடுக்க எதுவுமே இல்லையே, கூட ரெண்டு துண்டு போடுங்க. தண்ணி புகாத ஷீட், ரெயின்கோட் மட்டும் ஸ்பின்ல போடவே போடாதீங்க, தண்ணி அதுக்குள்ள தேங்கி நின்னு திடீர்னு வெளியேறினா எடை ஒரு நொடியில சாஞ்சிடும், மெஷினே உடையலாம்.

அதனால முதல் வேலை, துணிய எல்லாம் எடுத்துட்டு வெறும் ட்ரம்ல ஸ்பின் மட்டும் போட்டுப் பாருங்க. நல்லா சுத்துச்சுன்னா துணி போட்ட விதத்தத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

சுத்தலன்னா தண்ணி வடியுதான்னு பாருங்க. ட்ரம்முக்கு வெளிய தண்ணி நிக்கற தொட்டிதான் டப், அதுக்கு அடியில இருந்து ஒரு சின்ன டியூப் மேல போகும், தண்ணி ஏற ஏற அதுக்குள்ள காத்து அமுங்கும், அந்த அழுத்தத்த வச்சுதான் தண்ணி எவ்வளவுன்னு மெஷினுக்குத் தெரியும். தண்ணி வடியாம உள்ள நின்னா ஸ்பின் கிடையாது, அந்த டியூப்ல அழுக்கு அடைச்சிருந்தா தண்ணி போன பிறகும் இருக்கறதா நினைச்சுக்கும். நுரை அதிகமானாலும் கஷ்டம்தான், பம்பால நுரைய சரியா தள்ள முடியாது.

ஃப்ரண்ட் லோட்ல கீழ் மூலையில பம்ப் ஃபில்டர் இருக்கும். பிளக்க பிடுங்கிட்டு, சுடுதண்ணியா இருந்தா ஆற விட்டு, அகலத்தட்டு ஒண்ணு வச்சு மெதுவா திருகுங்க. சாம்பல் கலர்ல கொழகொழன்னு பஞ்சு, ஹேர்பின், காசு, பட்டன்னு வரும். உள்ள டார்ச் அடிச்சா ஒரு குட்டி விசிறி தெரியும், அதுல முடி சுத்தியிருக்கும், எடுத்துட்டு விரலால திருப்புங்க. விட்டு விட்டு வெட்டி வெட்டித் திரும்பும், உள்ள காந்தம் இருக்கறதால அப்படி, ரிப்பேர்னு பயந்துடாதீங்க.

தண்ணியும் வடிஞ்சு இன்னும் சுத்தலன்னா காதத்தான் நம்பணும். டாப் லோட் துவைக்குது ஆனா ஸ்பின் மட்டும் வரலன்னா மூடி சுவிட்ச சந்தேகப்படுங்க. மோட்டார் ஓடற சத்தம் வருது, ட்ரம் அசையலன்னா பெல்ட் கழண்டிருக்கலாம். செமி ஆட்டோமேட்டிக்ல உம்முனு முனகிட்டு ஸ்பின் டப் நிக்குதுன்னா மோட்டார கிளப்பி விடற கெப்பாசிட்டர் போயிருக்கலாம், இல்லேன்னா விடாம பிடிச்சிருக்கற பிரேக். கெப்பாசிட்டர்ல பிளக் எடுத்த பிறகும் கரண்ட் தங்கியிருக்கும், அத மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

கடைசியா, வெறும் ட்ரம்ம கையால சுத்துங்க. கரகரன்னு சத்தம் வந்தாலோ, உள் விளிம்ப தூக்கினா டப்ப விட்டு தனியா ஆடினாலோ பேரிங் போயிடுச்சு, சரி பண்ற வரைக்கும் ஸ்பின் போடாதீங்க.