கோல்ஃபில் திரும்ப வேண்டியது எந்த இடுப்பு?

"டாக்டர், கோச் இடுப்பைத் திருப்பச் சொன்னார். ஒரு மாதமாக நன்றாகத் திருப்பி அடித்தேன். இப்போது குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை."

ஐம்பதைத் தாண்டிய ஒருவர், வலது கையைப் பின்இடுப்பில் ஊன்றிக்கொண்டே இதைச் சொன்னார். சனி, ஞாயிறு விடிகாலையில் ஆடுகிறவர். மற்ற ஐந்து நாளும் நாற்காலியில்தான். நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் ஆடிவிட்டு என்னிடம் வருகிறவர்களில் பலர், கிட்டத்தட்ட இதே வாக்கியத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள்.

சிக்கல் 'இடுப்பு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. வேட்டி நிற்பதும் இடுப்பு, குழந்தையைத் தூக்கி வைப்பதும் இடுப்பு, வாளியைத் தூக்கும்போது பிடித்துக்கொள்வதும் இடுப்பு. கோச் 'ஹிப்' என்று சொல்வது இவை எதையும் அல்ல. தொடையெலும்பின் உருண்டைத் தலை கூபகத்துக்குள், அதாவது இடுப்பெலும்புக் கூட்டுக்குள், உட்கார்ந்திருக்கும் பந்துக் கிண்ண மூட்டைத்தான். அங்கே வலித்தால் பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். இவர் கை வைத்துக் காட்டிய இடம் கீழ்முதுகு.

கீழ்முதுகில் 5 எலும்புகள். முன்னும் பின்னும் வளைய அவை நன்றாக ஒத்துழைக்கும், திரும்ப ஒத்துழைக்காது. ஒவ்வொரு எலும்பும் ஒரு பக்கத்துக்கு 1 அல்லது 2 டிகிரிதான் சுழலும். மொத்தமாகக் கூட்டினாலும் 10 டிகிரியை ஒட்டித்தான் வரும். தொடை மூட்டு அப்படியில்லை. நல்ல நிலையில் இருந்தால் உட்பக்கமாக மட்டுமே 35, 40 டிகிரி சுழலும். கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, பின்னால் ஓங்கும் முழு பேக் ஸ்விங்கில் தோள் சுமார் 90 டிகிரியும் கூபகம் சுமார் 45 டிகிரியும் திரும்ப வேண்டும். தொடை மூட்டு இறுகியிருந்தால் அந்தக் கணக்கை உடம்பு எங்கிருந்தாவது சரிக்கட்டும். பக்கத்தில் இருப்பது கீழ்முதுகு. ஓங்கியதைப் பந்தை நோக்கி இறக்கும் டவுன் ஸ்விங்குக்கு ஆகும் நேரமோ ஏறத்தாழ கால் விநாடி. கண் இமைப்பதற்குள் அத்தனை முறுக்கும் அங்கே இறங்கிவிடுகிறது.

வலது கையால் ஆடுகிறவருக்கு முதலில் பார்க்க வேண்டியது இடது தொடை மூட்டு. பந்தை அடிக்கும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி இடது காலுக்கு வரும், அதன் மேலேதான் கூபகம் சுழல வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கால் அசையாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் தூக்குங்கள். பாதம் வெளியே போனால் தொடை உள்ளே சுழல்கிறது என்று அர்த்தம். எதிரே நின்று யாராவது போனில் படம் எடுத்தால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடலாம். பின்பக்கம் நாற்காலியை விட்டு எழும்பினால் அது கணக்கில் சேராது. நம்மவருக்கு வலது பக்கம் 35 டிகிரி, இடது பக்கம் 15.

"நான் சம்மணம் போட்டுத்தானே டாக்டர் சாப்பிடுகிறேன், மூட்டு எப்படி இறுகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சம்மணத்தில் தொடை வெளிப்பக்கம் சுழல்கிறது. கோல்ஃப் கேட்பது அதற்கு நேர் எதிரான அசைவை.

அப்புறம், நிற்கும் விதம். பந்தை நோக்கிக் குனியச் சொன்னால் சிலர் முதுகைக் கூன் போடுகிறார்கள். சிலர் நெஞ்சை நிமிர்த்துவதாக நினைத்துக் கீழ்முதுகை உள்ளே வளைத்துப் பின்பக்கத்தைத் தூக்குகிறார்கள். இரண்டாவது பார்க்க அழகாக இருக்கும், வலியோடு என்னிடம் வருவதும் அவர்கள்தான் அதிகம். சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகைக் காட்டி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்பக்கம் சுவரைத் தொடும் வரை தொடை இடுக்கிலிருந்து மடங்குங்கள். முதுகு நின்றபோது இருந்தபடியே இருக்க வேண்டும். அதே இடத்தில் கிளப் இல்லாமல் மெதுவாக ஸ்விங் செய்து பாருங்கள். பேக் ஸ்விங்கில் வலது பின்பக்கமும், இறங்கும்போது இடது பின்பக்கமும் சுவரைத் தொட வேண்டும். இறங்கும்போது சுவரை விட்டு முன்னே பாய்ந்தால், திரும்ப வேண்டிய கூபகம் பந்தை நோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல்தான் முதுகைப் பதம் பார்க்கிறது.

அவருக்கு நான் கொடுத்தது இரண்டே வேலை. மல்லாந்து படுத்து, மடக்கிய கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து, ஒவ்வொரு முழங்காலாக உட்பக்கம் சாய்ப்பது, காலையும் மாலையும் பக்கத்துக்குப் பத்து முறை. ஆடும்போது இடது பாதத்தை 20, 30 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி வைப்பது. பாதத்தைத் திருப்பியதும் மூட்டுக்கு அந்த அளவு சுழற்சி மிச்சமாகிறது. மூட்டு தேய்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

"டைகர் உட்ஸ் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு மாஸ்டர்ஸ் ஜெயிக்கவில்லையா?" என்று, அந்த அமெரிக்க கோல்ஃப் வீரரையும் அந்தப் பெரிய போட்டியையும் காட்டி, வலியோடே ஆடுகிறவர்கள் கேட்பதுண்டு. ஜெயித்தார், 2019இல். அதற்கு முன் 2014இலிருந்து 2017க்குள் முதுகில் நான்கு ஆபரேஷன். கடைசியில் எலும்பையே இணைத்தார்கள். அதற்கும் அந்த வெற்றிக்கும் நடுவே இரண்டு வருடம். தயவுசெய்து அவரைக் காட்டி வலியைத் தள்ளிப்போடாதீர்கள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்மவருக்கு எட்டு வாரத்தில் இடது பக்கம் 15 டிகிரி 25 ஆகியிருக்கிறது. நடுத்தர தூரத்துக்கான செவன் அயர்ன் மட்டையில் அரை ஸ்விங் மட்டும் ஆடுகிறார். வெகுதூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவரைத் தொட அடுத்த மாதம் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.