மூக்கு திறந்தால் குறட்டை நிற்குமா?

அல்சூரில் என் கிளினிக்குக்குக் குறட்டைக்காக யாரும் தானாக வருவதில்லை, பக்கத்தில் படுக்கிறவர்தான் இழுத்துக்கொண்டு வருவார். "மூக்குல சதை இருக்கு டாக்டர், எடுத்துட்டா சரியாயிடும்ல?" என்று கேட்பதும் அவரே. பாதி சரி.

சத்தம் மூக்கில் பிறப்பதில்லை, தொண்டையில் மெல்லண்ணமும் (மேல்வாயின் பின்பக்க மென்மையான பகுதி) உள்நாக்கும் அதிர்வதுதான் குறட்டை. ஆனால் காற்று நுரையீரலுக்குப் போகும் வழியில் சந்திக்கிற தடையில் ஏறக்குறையப் பாதி மூக்கில் இருக்கிறது; அது அடைத்துக்கொண்டால் நெஞ்சு பலமாக இழுக்க வேண்டும், அந்த இழுப்பில் தூக்கத்தில் தளர்ந்த தொண்டை ஒடுங்குகிறது, போதாததற்கு வாய் திறந்து தாடை தொங்க, நாக்கும் பின்னால் சரிகிறது.

பார்த்தீனியம் மகரந்தமும் கட்டடத் தூசியும் உள்ள பெங்களூரில் அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் அலர்ஜி. அதற்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஒன்றிரண்டு வாரம் தினமும் அடித்தால்தான் பலன் தெரியும். இரண்டே நாளில் தூக்கிப்போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்லாதீர்கள். உடனே திறக்கிற சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம், அப்புறம் அதுவே மூக்கை அடைக்கும். கன்னத்தை மூக்கோரம் விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள், காற்று சுலபமாகப் போனால் மெடிக்கலில் கிடைக்கிற, மூக்கின் மேல் ஒட்டுகிற மூக்குப் பட்டை உதவலாம்.

என் கவலை வேறு. தூக்கத்தில் பத்து விநாடி, அதற்கு மேலும் மூச்சு நின்றுபோகிற ஸ்லீப் ஆப்னியா சிலருக்கு இருக்கும். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்த்து மணிக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் பரவாயில்லை, 30-ஐத் தாண்டினால் தீவிரம். ஆபரேஷனில் மூக்குத் தண்டை நேராக்கி, சதையைக் குறைத்தபின் நன்றாகத் தூங்குகிறார்கள், பகல் அசதி குறைகிறது, சத்தமும் தணிகிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த எண்ணிக்கை மட்டும் பெரும்பாலும் அவ்வளவாக இறங்குவதில்லை. சத்தம் போனதால் யாரும் கவனிப்பதுமில்லை! அதனால்தான் ஆப்னியா சந்தேகம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே தூங்கும்போது மூச்சை அளந்து பார்க்கிற ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொல்கிறேன்.

அப்படியானால் மூக்கு ஆபரேஷன் வீணா? இல்லை. ஆப்னியாவுக்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிற சிபாப் மெஷின் போட்டுத் தூங்க வேண்டியவருக்கு, மூக்கு திறந்திருந்தால் குறைந்த அழுத்தமே போதுமானதாகலாம், மாஸ்க்கை நடுராத்திரியில் பிடுங்கி எறிவதும் குறையும்.

குழந்தை தினமும் குறட்டை விட்டால் மூக்குக்குப் பின்னால் இருக்கிற சதையான அடினாய்டைப் பார்க்கணும், தள்ளிப்போடாதீர்கள். குறட்டை விடுகிற பெரியவர்கள் கிளினிக்குக்கு வருவதற்கு முன் வீட்டில் யாரையாவது தூக்கத்தில் ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மல்லாந்து படுத்தபோதும் ஒருக்களித்துப் படுத்தபோதும்.