மிரளும் கெக்கோவின் ஓட்டக் கணக்கு

கண்ணாடித் தொட்டியின் கதவைத் திறக்கும்போது, வீட்டில் வளர்க்கும் கிரெஸ்டெட் கெக்கோ என்ற பல்லி பெரும்பாலும் அசைவதில்லை. கை ஒரு சாண் தூரத்துக்கு வரும்வரை கிளையோடு கிளையாக ஒட்டியிருக்கும். அதற்கு மேல் ஒரு விரற்கடை நெருங்கினால் மறுகணம் எதிர்க் கண்ணாடியில் இருக்கும். அதுவரை கையைப் பார்க்கவில்லை, பார்த்ததும் திடுக்கிட்டது என்று நினைக்கத் தோன்றும். அது கதவு அசைந்தபோதே பார்த்துவிட்டது. பார்த்துக்கொண்டே காத்திருந்தது.

அந்தக் காத்திருப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 1986இல் யிடன்பெர்க், டில் என்ற இரு ஆய்வாளர்கள் அதைத் தெளிவாக எழுதினார்கள். எதிரியைக் கண்டவுடன் ஓடுவது விலங்குக்குக் கட்டுப்படியாகாது. ஓடினால் சக்தி வீண், இரை போகும், நல்ல இடம் போகும், அசைவே காட்டிக்கொடுத்தும் விடும். எதிரி நெருங்க நெருங்க, நிற்பதில் உள்ள ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. அது ஓடும் செலவைத் தாண்டும் இடத்தில்தான் விலங்கு கிளம்பும். எதிரிக்கும் விலங்குக்கும் அப்போதுள்ள இடைவெளிதான் ஓட்டத் தூரம். பல்லியைக் கைக்குப் பழக்குவது என்றால், நம் கையைப் பொறுத்தவரை அந்தத் தூரத்தை மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. பாசம் காட்டியோ மிரட்டியோ அதைக் குறைக்க முடியாது. கை வந்தால் தீங்கில்லை என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

ஓட்டத் தூரத்தைக் கூட்டுபவை எவை என்பது பல பல்லியினங்களில் சோதித்து அறியப்பட்டிருக்கிறது: வேகமாக வருவது, நேராகக் குறிவைத்து வருவது, மறைவிடம் தொலைவில் இருப்பது. கடைசியாகச் சொன்னதில்தான் வளர்ப்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பல்லி கண்ணில் படட்டும், ஒளிய இடமில்லாவிட்டால் தானாகப் பழகிவிடும் என்று செடிகளையும் மரப்பட்டைகளையும் எடுத்துவிடுவார்கள். பலன் நேர்மாறாக இருக்கும். ஓடி ஒளிய இடம் தொலைவில் என்றால் சீக்கிரமே கிளம்பியாக வேண்டும். இரண்டு எட்டில் ஒரு இலைக்கொத்து இருக்கும் பல்லிதான் கையை நெருங்கவிடும். 45 × 45 செ.மீ. அடிப்பரப்பும் 60 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியில், எந்தக் கிளையில் இருந்தாலும் ஒரு சாணுக்குள் மறைவு கிடைக்கிற அளவுக்கு இலை அடர்ந்திருக்க வேண்டும்.

இந்தப் பல்லியின் ஊர் தெற்குப் பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியா. 1866இல் பெயரிடப்பட்டது. கண்ணுக்கு மேல் இமைமயிர் போல வரிசையாக நிற்கும் முட்களால் அதன் அறிவியல் பெயரில் சிலியாட்டஸ் என்ற சொல் வந்தது. நெடுங்காலம் அழிந்துபோனதாகவே கருதப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டறியப்பட்டது. இரவில் புதர்களிலும் சிறு மரங்களிலும் கிளை விட்டுக் கிளை தாவி வாழும் உயிர் இது. ஆபத்தென்றால் தரையில் ஓடாது, வெற்றுவெளியில் தாவும். நம் வீட்டில் அந்த வெளிக்குக் கீழே சிமெண்டுத் தரை இருக்கிறது.

வால் விஷயத்தில் இதற்கும் நம் சுவர்ப் பல்லிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சுவர்ப் பல்லி வாலை விட்டால் கொஞ்ச நாளில் வேறு வால் முளைக்கிறது. கிரெஸ்டெட் கெக்கோவுக்கு முளைப்பதில்லை. அடியோடு கழன்று விழுந்தால் ஆயுள் முழுவதும் மொட்டைதான். காட்டிலேயே வளர்ந்த பல்லிகள் பல வாலில்லாமல் திரிகின்றன. அதனால் உயிருக்குக் கேடில்லை. ஆனாலும் வாலின் நுனியில் ஒட்டும் திட்டு ஒன்று உண்டு, கிளையைச் சுற்றிப் பிடிக்கவும் வால் பயன்படுகிறது. நம் அவசரத்தால் அது போகக் கூடாது.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் கையே வேண்டாம். தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரே நேரத்தில் தண்ணீர் தெளிப்பதும், உணவுக் கிண்ணத்தை மாற்றுவதும் மட்டும் போதும். கடையில் கிடைக்கும் பழக்கலவைப் பொடி ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு; தக்காளி சாஸ் பதத்தில் இருந்தால் சரி. 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். வாரம் ஒருமுறை, பல்லி தானாக ஏறிய டப்பாவோடு எடை போட்டு, டப்பாவின் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். பயந்த பல்லி முதலில் நிறுத்துவது சாப்பாட்டை. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பழக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். பொரிந்தபோது 2 கிராம் அளவே இருக்கும் குஞ்சுகளை முதல் மூன்று மாதம் தூக்கவே கூடாது.

மூன்றாம் வாரம், விளக்கைக் குறைத்துவிட்டுத் தொடங்கலாம். இருட்டில் அதற்குக் கண் தெரியாதோ என்று டார்ச் அடிக்க வேண்டாம். ஹெல்மெட் கெக்கோ என்ற உறவினத்தில் 2004இல் செய்த சோதனையில், மனிதர்களுக்கு நிறமே தெரியாத மங்கிய நிலவொளியில் அது நிறங்களைப் பிரித்தறிந்தது. நமக்கு அரையிருட்டு அதற்கு நல்ல வெளிச்சம். வாசனையில்லாத சோப்பில் கை கழுவி, உள்ளங்கை மேல்நோக்கி, பல்லி இருக்கும் மட்டத்துக்குக் கீழே, பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டுவந்து தொட்டியின் தரையிலோ கிளையிலோ வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் அசைக்காதீர்கள். பல்லி விறைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கத் தொடங்குகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. அது தளர்ந்த பிறகே கையை எடுக்க வேண்டும். விறைத்திருக்கும்போது எடுத்தால், விறைப்புத்தான் கையை விரட்டியது என்று அது கற்றுக்கொள்ளும்.

அசையாமல் இருப்பதை அமைதி என்று எடுத்துக்கொள்வது அடுத்த பெரிய பிழை. உடல் தட்டையாகக் கிளையில் அழுந்தி, மூச்சு வேகமாக இருந்தால் அது பயத்தில் உறைந்திருக்கிறது. நாக்கை நீட்டிக் கையைத் தொட்டுப் பார்த்தால் நல்ல சேதி. வாயின் மேற்பகுதியில் உள்ள உறுப்பு அந்த வாசனைத் துகள்களைப் பிரித்தறியும்; உங்கள் கை அதன் நினைவில் பதிகிறது. இதனாலேயே கையுறை போடுவது உதவாது. இந்தக் கட்டத்தில் ஒரு கரண்டி நுனியில் உணவைத் தடவிக் கையருகே நீட்டலாம். ஒரு வாரத்தில் கரண்டியைப் பிடித்திருக்கும் விரலில் முன்கால் வைக்கும். சில பல்லிகள் ஒரு மாதம் எடுக்கும்.

தூக்கும்போது மேலிருந்து பிடிக்காதீர்கள். அது பறவை கவ்வும் விதம். நெஞ்சுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து, மறு கையின் விரலால் பின்னங்காலுக்கு அருகே லேசாகத் தொட்டால் தானாக முன்னே ஏறும். வாலைத் தொட வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பின்பக்கமாக இழுக்கவே கூடாது. கெக்கோ விரலின் நுண்மயிர்கள் உடலை நோக்கி இழுபடும்போது ஒட்டுகின்றன. பரப்போடு அவற்றின் கோணம் சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் விடுபடுகின்றன. கெல்லார் ஆட்டம் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2000இல் டோக்கே கெக்கோ என்ற இன்னொரு இனத்தில் அளந்து காட்டியது இது. நடக்கும்போது பல்லி விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டி உரித்தெடுப்பதும் அதற்காகத்தான். பின்னால் இழுத்தால் முன்கால்களின் பிடி இறுகும், பல்லி திமிறும், வால் போகும்.

கைக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மின்விசிறி நின்றிருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு, அங்கிருந்து மறுபடி முதல் கைக்கு என்று ஏணி போல நடக்கவிடுங்கள். தாவப் போகும் பல்லி சொல்லிவிட்டுத்தான் தாவும்: பின்னங்கால் மடங்கும், தலை நிமிரும், பார்வை ஓரிடத்தில் நிற்கும். அந்தப் பார்வையின் வழியில் 15 செ.மீ. தள்ளி மறு கையை வைத்தால் அங்கேயே இறங்கும். முதல் நாள் மூன்று நிமிடம். பின்னர் பத்து, அதிகம் போனால் பதினைந்து. வாரத்துக்கு மூன்று முறை போதும்.

இந்த நேரக் கட்டுப்பாட்டுக்கு உடற்சூடு ஒரு காரணம். கிரெஸ்டெட் கெக்கோவுக்கு ஏற்றது 22 முதல் 26 டிகிரி செல்சியஸ். 28ஐத் தாண்டி நீடித்தால் நோயில் விழும். சென்னையிலோ மதுரையிலோ குளிரூட்டி இல்லாத அறையில் கோடை முழுவதும் இதை வைத்திருப்பது கொடுமை. நம் உள்ளங்கையோ 33 டிகிரி வாக்கில் இருக்கிறது. 40 கிராம் உடல் அந்தச் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்ளும். சூடு பல்லியின் முடிவையே மாற்றும் என்பதற்குச் சான்று உண்டு: 1982இல் ஓணான் குடும்பத்துப் பல்லிகளில் செய்த ஆய்வில், உடல் குளிர்ந்திருந்தவை நின்று எதிர்த்துக் கடிக்க வந்தன, சூடேறியவை ஓடின. ஆகவே குளிரவைத்துப் பல்லியைச் சாந்தப்படுத்தலாம் என்ற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கடித்தால் உதற வேண்டாம். பல் மிகச் சிறியது, தோலைக் கிழிப்பது அரிது. உதறினால் அதன் தாடைதான் கெடும். கையை அசைக்காமல் கிளைக்கருகே வைத்தால் விட்டுவிடும். அது தளரும்வரை இருந்து, பிறகு இறக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தொட்ட பின் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா சாதாரணமாக இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

வால் கழன்றுவிட்டால் ரத்தம் அதிகம் வராது, அங்கே நாளங்கள் தாமாகச் சுருங்கிக்கொள்ளும். தரையில் மண்ணையும் நாரையும் எடுத்துவிட்டு வெள்ளை டிஷ்யூ தாளை விரித்து, தினமும் மாற்றி, புண் மூடும்வரை தொடாமல் விடுங்கள்.

மாதக்கணக்காகக் கைக்கு வந்துகொண்டிருந்த பல்லி திடீரென மிரண்டால் பழக்கத்தைக் குறை சொல்லாமல் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள். பிறகு விரல் நுனிகளில் உரிந்த தோல் வளையம்போல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது எலும்பு: கண்ணாடியில் தலைகீழாக நிற்கும்போது வால் முதுகின் மேல் சரிகிறதா, கீழ்த்தாடை தொய்ந்திருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா? இவற்றில் ஏதாவது இருந்தால் கால்சியம் குறைந்து எலும்பு மெலிந்திருக்கலாம். அப்படிப்பட்ட உடலுக்குத் தொடுவதே வலி. அன்றைக்கே ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம், கையில் பிடிக்காமல், துணி விரித்த டப்பாவில் வைத்துக் கொண்டுபோங்கள்.