துணையுறு பரவல்: சொல் விளக்கம்

இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் சிவப்பணுவின் சவ்வைக் கடந்து உள்ளே செல்லும் முறையை உயிரியலில் ‘ஃபெசிலிட்டேட்டட் டிஃப்யூஷன்’ என்பார்கள். ஒரு பொருள் தான் செறிந்துள்ள இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு, செல்லின் ஆற்றல் எதுவும் செலவாகாமல், சவ்வில் பதிந்திருக்கும் புரதமொன்றின் துணையோடு நகர்வதையே இது குறிக்கிறது.

‘டிஃப்யூஷன்’ என்பதன் வேர் ‘டிஃபுண்டெரே’ என்னும் இலத்தீன் வினை. நாலாபுறமும் ஊற்றுதல் என்று பொருள். தமிழில் பரவல், விரவல் இரண்டும் வழங்குகின்றன. விரவுதல் கலத்தலைச் சுட்டுவது. இடம்விட்டு இடம் செல்லும் நகர்ச்சி பரவுதலில்தான் தெளிவாக இருப்பதால் பரவலே பொருத்தம். அடைமொழியின் வேர் எளிமையைக் குறிக்கும் ‘ஃபாசிலிஸ்’. அதையொட்டி ‘எளிதாக்கப்பட்ட பரவல்’ என்று எழுதுவதுண்டு. பிழையில்லை என்றாலும், எளிதாக்கியது எது என்பதை அத்தொடர் உணர்த்துவதில்லை. துணை பெற்று நிகழ்வது என்ற பொருளில் ‘துணையுறு பரவல்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

அந்தத் துணை இல்லாமல் சிவப்பணு பிழைக்காது. சவ்வின் உட்பகுதி கொழுப்பாலானது. ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட குளுக்கோஸோ நீரை நாடுவது, கொழுப்பை எளிதில் ஊடுருவாது. செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணு, குளுக்கோஸைச் சிதைத்துக் கிடைக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைக் கொண்டே வாழ்கிறது. அந்தக் குளுக்கோஸுக்குச் சவ்வில் வழிவிடுவது குளூட்1 என்னும் புரதம். 492 அமினோ அமிலங்களாலான இந்தச் சங்கிலி சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கிறது. கசஹாரா, ஹிங்கில் என்னும் ஆய்வாளர்கள் 1977இல் இதை மனிதச் சிவப்பணுவிலிருந்து பிரித்தெடுத்தனர். 2014இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் நியெங் யான் குழுவினர் இதன் படிக அமைப்பை வெளியிட்டனர். புறப்பக்கம் திறந்திருக்கும்போது குளுக்கோஸ் வந்து பொருந்துகிறது. உடனே புரதம் வடிவம் மாறிப் புறவாயை மூடி அகவாயைத் திறக்க, குளுக்கோஸ் உள்ளே விடுபடுகிறது. இருபுறமும் ஒருசேரத் திறப்பதில்லை. உள்ளே வந்ததன்மீது ஹெக்சோகைனேஸ் நொதி பாஸ்பேட்டை ஏற்றிவிடுவதால் அது வந்தவழியே திரும்ப முடியாது. உட்செறிவும் தாழ்ந்தே இருப்பதால் வரத்து தொடர்கிறது. இப்புரதம் இன்சுலினுக்காகக் காத்திருப்பதும் இல்லை.

‘கடத்தல்’ என்று பொதுவாகச் சொன்னால் ஆற்றல் செலவிட்டுச் சுமந்து செல்வதும் அதில் அடங்கிவிடும். கீழ்பவானி வாய்க்காலின் மடையைத் திறந்தால் தண்ணீர் தானே வயலுக்குப் பாய்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீருக்கோ மோட்டார் ஓடியாக வேண்டும். குளூட்1 செய்வது மடையின் வேலை. ஆகவே புரதத்தைக் ‘கடத்தி’ என்று அழைத்தாலும், நிகழ்வின் பெயரில் பரவல் என்னும் சொல் விடுபடக் கூடாது.

‘சர்க்கரைக் கடத்தி’ என்ற வழக்கையும் கொங்குப் பகுதியில் எழுதுவோர் தவிர்ப்பது நல்லது. கவுந்தப்பாடிச் சந்தைக்கு மூட்டையாக வரும் நாட்டுச்சர்க்கரையும், வீட்டுப் பெரியவர்கள் அஸ்கா என்று சொல்லும் வெள்ளைச் சர்க்கரையும் பெரும்பாலும் சுக்ரோஸ். அது சிறுகுடலில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்த பிறகே இரத்தத்தை அடைகிறது. குளூட்1 சுக்ரோஸை ஏற்பதில்லை. எனவே குளுக்கோஸ் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்வதே தெளிவு.

இந்தப் பரவலின் விளைவை ஈரோட்டிலோ கோவையிலோ எந்த ஆய்வகத்திலும் காணலாம். குழாயில் எடுத்து வைத்த இரத்தத்திலும் சிவப்பணுக்கள் குளுக்கோஸை உள்வாங்கிச் செலவழித்துக்கொண்டே இருப்பதால், நேரம் செல்லச் செல்ல அளவு குறைந்து காட்டும். அதைத் தடுக்கவே சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் ஃபுளூரைடு சேர்த்திருப்பார்கள். அது குளுக்கோஸ் உள்ளே நுழைவதைத் தடுப்பதில்லை, சிதைவுப் பாதையிலுள்ள ஈனோலேஸ் நொதியை முடக்குகிறது. மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் ஹெச்பிஏ1சியும் இவ்வழி நுழைந்த குளுக்கோஸ் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்ட அளவுதான். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் அந்தக் காலக்கணக்கு அமைகிறது.

குளுக்கோஸ் சவ்வைக் கடக்கும் எல்லா இடத்துக்கும் இச்சொல் பொருந்தாது. சிறுகுடலின் உட்பரப்புச் செல்கள் சோடியத்தோடு சேர்த்துக் குளுக்கோஸை உள்ளிழுக்கின்றன. அந்தச் சோடியத்தை வெளியேற்ற ஏடிபி செலவாகிறது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பது இந்த வழியை நம்பித்தான். அதைத் துணையுறு பரவல் என்று எழுதுவது தவறு.